கனடியப் புல்வெளியில் 160 ஏக்கர்: பயிர் நிலமும் ஓய்வு நிலமும் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மானிட்டோபா, சாஸ்காச்சுவான், ஆல்பெர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களிலும் கிராமப்புற நிலம் பெரும்பாலும் குவார்ட்டர் செக்‌ஷன் கணக்கில்தான் கைமாறுகிறது. ஒரு குவார்ட்டர் என்பது அரை மைலுக்கு அரை மைல், 160 ஏக்கர். எல்லாம் ஒரே அளவுச் சதுரம் என்பதால் ஏக்கர் விலையை மட்டும் வைத்து ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுவிடலாம் என்று புதிதாக வாங்குகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் குவார்ட்டர் அந்தப் பக்கம் இருப்பதைப்போல இரண்டு மடங்கு விலை போவது அங்கே சாதாரணம். பயிர் வைக்கிறவர் தொல்லை என்று ஒதுக்கும் குட்டையையும் புதர்க்காட்டையும், வேட்டைக்கும் ஓய்வுக்கும் இடம் தேடுகிறவர் விரும்பி வாங்குவார். அப்படி வாங்குகிறவர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு: அங்கே பாதை, வரி, கடன், நில உடைமைச் சட்டம் எல்லாமே பயிர் நிலத்தை மனத்தில் வைத்து உருவானவை.

முகவரியிலிருந்து தொடங்கலாம். 1871-ல் தொடங்கிய டொமினியன் நில அளவை புல்வெளி முழுவதையும் 6 மைலுக்கு 6 மைல் டவுன்ஷிப்புகளாக வெட்டியது. ஒவ்வொன்றிலும் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் நான்கு குவார்ட்டர். விளம்பரத்தில் 'என்டபிள்யூ 12-34-5 டபிள்யூ3' என்று இருந்தால், மூன்றாம் மெரிடியன் என்ற வடக்கு-தெற்கு அளவைக் கோட்டுக்கு மேற்கே 5-ஆவது ரேஞ்ச் (டவுன்ஷிப்புகளின் நெடுவரிசை), 34-ஆவது டவுன்ஷிப், 12-ஆவது செக்‌ஷனின் வடமேற்குக் கால் என்று பொருள். டவுன்ஷிப் எண் அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கு நோக்கி ஏறுகிறது. ஆகவே இந்த நிலம் எல்லையிலிருந்து சுமார் 200 மைல் வடக்கே, சாஸ்கடூனுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. செக்‌ஷன் எண்கள் தென்கிழக்கு மூலையில் 1-ல் தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் கிழக்கு நோக்கித் திரும்பும். இந்த வரிசை பிடிபடாதவர்கள் பக்கத்து நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை சொல்வது உண்டு. வேலியை நம்பி எல்லையை முடிவு செய்யவும் கூடாது. மாடு தாண்டாமல் இருக்கவும், புதரைச் சுற்றிப் போகவும் போட்ட வேலிகள் பல. நில அளவையர் அடித்த இரும்புக் கம்பிதான் எல்லை.

யார் வாங்கலாம் என்பதில் மூன்று மாகாணங்களும் மூன்று விதம். சாஸ்காச்சுவானில் பண்ணை நிலத்தைக் கனடியக் குடிமக்களும் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களும் முழுவதும் கனடியர் கையில் உள்ள நிறுவனங்களும் மட்டுமே வாங்கலாம். மற்றவர்களுக்கு 10 ஏக்கர்தான் உச்சம். மானிட்டோபாவில் அந்த உச்சம் 40 ஏக்கர். ஆல்பெர்ட்டாவில் இரண்டு துண்டுகளுக்கு மேற்படாமல் மொத்தம் 20 ஏக்கர். படிப்பு விசாவிலோ வேலை அனுமதியிலோ இருப்பவர் ஒரு முழுக் குவார்ட்டரை வாங்க இந்தச் சட்டங்கள் பொதுவாக இடம் தருவதில்லை.

டொராண்டோவிலோ கால்கரியிலோ இருந்துகொண்டு குடும்பமாகப் பணம் திரட்டி நிலம் வாங்க எண்ணும் தமிழர்கள் சாஸ்காச்சுவான் சட்டத்தின் ஒரு பகுதியைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வூதிய நிதிகள் நிலம் வாங்குவதைத் தடுத்து 2016-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்கிறது. கடன், கனடாவில் பதிவான நிதி நிறுவனத்திடமிருந்தோ கனடாவில் வசிப்பவரிடமிருந்தோதான் வர வேண்டும். பண்ணை நிலப் பாதுகாப்பு வாரியம் கேட்டால் உறுதிமொழிப் பத்திரமும் தர வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் அண்ணன் கைமாற்றாகக் கொடுத்த பணத்தில் வாங்கி, பெயரை மட்டும் இங்கே இருப்பவர் பெயரில் வைப்பது இந்தச் சட்டப்படி சிக்கல். வாங்குவது பயிர் வைக்காத புதர் நிலம்தான் என்றாலும், அது பண்ணை நிலமாகக் கணக்கில் வருமா என்று வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வில்லங்கம் பார்ப்பது. மூன்று மாகாணங்களிலும் டாரன்ஸ் முறைப் பதிவுதான். பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்ட வேண்டியதில்லை. உரிமைச் சான்றும் அதன்மேல் பதிவான உரிமைகளும் சில டாலர் கட்டணத்தில் கிடைத்துவிடும். ஆனால் அதில் வரும் ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் உரிய ஆவணத்தை எடுத்து முழுதாகப் படிக்க வேண்டும். 'ஈஸ்மென்ட்' (நிலத்தில் பிறருக்குள்ள பயன்பாட்டு உரிமை) என்று ஒரே சொல்லில் பதிவாகியிருப்பது மின்கம்பத்துக்கு இடம் விட்டதாகவும் இருக்கலாம். நீர்ப்பறவைகளின் ஈரநிலங்களைக் காக்கும் டக்ஸ் அன்லிமிடெட் போன்ற அமைப்புக்கு எழுதிக்கொடுத்த நிரந்தரப் பாதுகாப்பு உடன்படிக்கையாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையில் குட்டையை வடிக்கவோ புல்தரையை உழவோ கூடாது என்று நிபந்தனை இருக்கும், அது எத்தனை கை மாறினாலும் நிலத்தோடேயே வரும். வாத்தும் மானும் பார்க்க வாங்குகிறவருக்கு இது பெரும்பாலும் இடைஞ்சல் இல்லை, ஆனால் அவர் கட்ட நினைக்கும் மரவீட்டுக்கு அந்த உடன்படிக்கை இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பதிவில் வராத உரிமையும் உண்டு. ஆல்பெர்ட்டாவிலும் சாஸ்காச்சுவானிலும் மூன்று ஆண்டுக்கு மேற்படாத குத்தகையை, குத்தகைதாரர் நிலத்தில் இருக்கும்வரை, பதிவு செய்யாவிட்டாலும் புதிய உரிமையாளர் மதித்தாக வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு ஆண்டுக்குப் பேசி வைத்திருந்தால் வாங்கியவர் மறுநாளே உழவு ஓட்ட முடியாது. குத்தகை இல்லை என்றோ, இன்ன தேதியில் முடிகிறது என்றோ விற்பவரிடம் எழுதி வாங்க வேண்டும். முடிந்தால் குத்தகைதாரரிடமும் நேரில் கேட்டுவிடலாம்.

மண்ணுக்குக் கீழே இருப்பது வேறொருவருடையது. 1887-க்குப் பிறகு குடியேறிகளுக்குக் கொடுத்த நிலங்களில் கனிம உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. ஹட்சன்ஸ் பே நிறுவனமும் கனடியன் பசிபிக் ரயில்வேயும் தங்கள் பங்காகப் பெற்ற நிலங்களை விற்றபோது காலப்போக்கில் அதே வழியைப் பின்பற்றின. ஆகவே எண்ணெய், எரிவாயு, பொட்டாஷ் எதுவும் பெரும்பாலும் விற்பனையில் சேராது. கனிம உரிமை வைத்திருப்பவருக்கு அதை எடுக்க உள்ளே வரவும் உரிமை உண்டு. மேல்நிலத்துக்காரர் மறுத்தால் விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போய், இழப்பீட்டோடு அனுமதி கிடைத்துவிடும்.

நிலத்தில் ஏற்கெனவே எண்ணெய்க் கிணறு இருந்தால் ஆண்டு வாடகை வரும். தரகர்கள் அதைச் சேர்த்து விலையை ஏற்றிச் சொல்வார்கள். அந்தக் கிணறு யாருடையது, கடைசி மூன்று ஆண்டு வாடகை வந்ததா, எண்ணெய் இன்னும் எடுக்கிறார்களா என்று பார்த்தபிறகுதான் அந்த வருமானத்துக்கு மதிப்புப் போட வேண்டும். நிறுவனம் திவாலானால் ஆல்பெர்ட்டாவில் நிலம் மற்றும் சொத்து உரிமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு அரசிடமிருந்து வாடகை பெற வழி இருக்கிறது. ஆனால் கிணற்றை மூடி மண்ணைச் சீராக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். முன்பே மூடிய கிணறு என்றால் சீரமைப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். வீடு கட்டக் குறித்து வைத்த மேடு பழைய கிணற்றின் தடை எல்லைக்குள் வந்துவிடுவதும் நடக்கிறது.

இனி மண். பயிர் நிலத்தின் விலையில் பாதிக் கதை சாகுபடி ஏக்கரில் இருக்கிறது. பத்திரத்தில் 160 ஏக்கர் என்றாலும் குட்டை, மரக்கூட்டம், பழைய வீட்டு மனை, சாலைக்கு எடுத்த ஓரம் எல்லாம் போனால் உழுவது 130 ஏக்கரும் இருக்கலாம், 100 ஏக்கரும் இருக்கலாம். உதாரணமாக 3,20,000 டாலர் கேட்கும் குவார்ட்டரைப் பத்திர அளவால் வகுத்தால் ஏக்கர் 2,000. சாகுபடி 128 ஏக்கர்தான் என்றால் 2,500. விவசாயி இரண்டாவது எண்ணைத்தான் பார்ப்பார். அந்த 128 ஏக்கரும் எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பது அதற்கடுத்த கேள்வி. 60 அடி அகல விதைப்புக் கருவி ஒவ்வொரு குட்டையையும் சுற்றி வளையும்போது முன்பு விதைத்த இடத்திலேயே மறுபடி விதையும் உரமும் விழும். நடுவில் பதினைந்து குட்டை உள்ள நிலமும், ஒரு மூலையில் ஒரே பெரிய குட்டை உள்ள நிலமும் சாகுபடி ஏக்கரில் சமமாக இருந்தாலும் செலவில் சமமில்லை.

சாஸ்காச்சுவானில் இந்தக் கணக்குக்கு ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. சாமா என்ற மதிப்பீட்டு முகமையின் விவசாய நில அறிக்கை மண் வகை, சாய்வு, கல் அளவு ஆகியவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏக்கரோடு காட்டும். உள்ளூர்க்காரர்கள் விலையை இந்த மதிப்பீட்டின் எத்தனை மடங்கு என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். மானிட்டோபாவில் பயிர்க் காப்பீட்டு முகமை மண்ணுக்கு ஏ முதல் ஜே வரை தரம் கொடுத்திருக்கிறது. மூன்று மாகாணத்துக்கும் பொதுவாகக் கனடா நில இருப்புக் கணக்கெடுப்பின் 1 முதல் 7 வரையான வகைப்பாடு உண்டு. 1 முதல் 3 வரை நல்ல பயிர் நிலம், 5-உம் 6-உம் புல்லுக்கும் மேய்ச்சலுக்கும்தான், 7 விவசாயத்துக்கே ஆகாது.

காகிதம் சொல்லாததை மண்வெட்டி சொல்லும். நிலத்தின் மேடு, சரிவு, பள்ளம் மூன்றிலும் தோண்டிப் பார்த்தால், மேட்டில் கறுப்பு மண் அரித்துப்போய் வெளிறிய அடிமண் மேலே வந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். மண் மாதிரியை 0–6, 6–12, 12–24 அங்குலம் என்று மூன்று ஆழத்தில் எடுத்து, சத்துகளோடு மின்கடத்து திறனையும் கேட்டு வாங்க வேண்டும். அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் மண். குட்டையின் ஓரத்தில் வெள்ளைப் படிவு, நரிவால் பார்லிப் புல், கோச்சியா களை இவை மூன்றும் வளையமாகத் தெரிந்தால் ஆய்வகம் சொல்லும் முன்பே விடை தெரிந்துவிடும். உவர் வளையத்தைப் பார்க்க ஆகஸ்ட் மாதம் பொருத்தம். தண்ணீர் எங்கே நிற்கிறது, பாதை எப்படிச் சேறாகிறது என்று பார்க்கப் பனி உருகும் ஏப்ரல் பொருத்தம். பனி மூடிய ஜனவரியில் நிலத்தைப் பார்த்து விலை பேசுவது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான்.

முன்பு என்ன பயிர் வைத்தார்கள், என்ன மருந்து அடித்தார்கள் என்ற நான்கு ஆண்டுக் குறிப்பைக் கேட்டு வாங்குவது அவசியம். குளோபைராலிட் போன்ற களைக்கொல்லி வறண்ட ஆண்டில் மெதுவாகத்தான் சிதையும். அடுத்த பருவத்தில் பட்டாணியோ பயறோ விதைத்தால் கருகிவிடும். கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரைத் தாக்கும் கிளப்ரூட் என்ற வேர்நோய் 2003-ல் எட்மன்டன் அருகே கனோலா வயல்களில் முதலில் தெரியவந்தது. அதன் வித்துகள் மண்ணில் 20 ஆண்டு வரைகூட உயிரோடு இருக்கும். அஃபனோமைசிஸ் வேரழுகல் பிடித்த நிலத்தில் பட்டாணி, மைசூர்ப் பருப்பு இரண்டையும் 6 முதல் 8 ஆண்டு தள்ளிப் போடச் சொல்கிறார்கள். பருப்பு விளைச்சலை நம்பி விலை கொடுத்தவருக்கு இது பெரிய அடி. இந்த நோய்கள் எதுவும் பத்திரத்தில் வராது.

குட்டையை வடித்தால் சாகுபடி ஏக்கர் கூடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. சாஸ்காச்சுவானில் நீர்ப் பாதுகாப்பு முகமையின் அனுமதி இல்லாமல் வடிகால் வெட்டக் கூடாது. முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி வெட்டிய வாய்க்காலை மூடச் சொல்லி உத்தரவு வந்தால், அது நிலத்தை இன்று வைத்திருப்பவர் தலையில்தான் விழும். ஒருவர் வடிக்கும் தண்ணீர் எங்காவது போய்ச் சேர வேண்டுமே! கிழக்கு-மத்திய சாஸ்காச்சுவானில் உள்ள குவில் ஏரிகளுக்கு வெளியேறும் ஆறு கிடையாது. 2005-க்குப் பின் வந்த ஈர ஆண்டுகளில் அவை ஆறு மீட்டருக்கு மேல் உயர்ந்து, சுற்றியிருந்த பயிர் நிலத்தையும் மேய்ச்சலையும் உப்பு நீரால் மூடின.

ஏரிக்கரையில் ஓய்வு வீடு தேடுகிறவருக்கும் குவில் ஏரி தரும் பாடம் பொருந்தும். புல்வெளி ஏரிகள் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. 2011-ல் மானிட்டோபா ஏரி வெள்ளத்தோடு புயல் காற்றும் சேர்ந்து கரையோர ஓய்வு வீடுகளை நொறுக்கியது. நகராட்சி வைத்திருக்கும் பாதுகாப்பான கட்டட மட்டம் என்ன, வீட்டின் தரைமட்டம் அதற்கு மேலே எத்தனை அடி என்பதை நில அளவையர் கையெழுத்தோடு பெற வேண்டும். கரை வரை நமதுதானா என்பது இன்னொரு கேள்வி: தண்ணீருக்கும் மனைக்கும் நடுவே அரசு ஒதுக்கிய பட்டை பல இடங்களில் உண்டு, அதில் படகுத்துறை கட்ட அனுமதி வேண்டும். சாஸ்காச்சுவானின் மாகாணப் பூங்காக்களில் இருக்கும் ஓய்வு வீடுகள் குத்தகை நிலத்தில் இருப்பவை. பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தில் உள்ள மனைகளும் அப்படித்தான். வாங்குகிறவர் பெறுவது கட்டடத்தையும் மீதிக் குத்தகைக் காலத்தையும்தான். எத்தனை ஆண்டு மிச்சம், வாடகை எப்போது திருத்தப்படும், புதுப்பிக்கும் உரிமை இருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தே விலை.

ஏரி இல்லாத ஓய்வு நிலத்தில் முதல் கேள்வி பாதை. வரைபடத்தில் ஒரு மைலுக்கோ இரண்டு மைலுக்கோ ஒன்றாக 66 அல்லது 99 அடி அகலச் சாலை ஒதுக்கீடு கோடாகத் தெரியும். நேரில் போனால் பல இடங்களில் அது வெறும் புல். நகராட்சி அதைச் சாலையாக்கக் கடமைப்பட்டதல்ல. செய்யச் சொன்னால் செலவு கேட்டவருடையது. மண் கொட்டிச் சரளை பரப்ப நிலத்தின் விலையில் ஒரு நல்ல பங்கு போய்விடும். மழைக்காலத்தில் வண்டி போகுமா, குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவது யார், பள்ளிப் பேருந்து எதுவரை வருகிறது என்று நகராட்சி அலுவலகத்திலேயே கேட்டுவிடலாம். அந்த ஒதுக்கீடு பொதுவழி என்பதும் நினைவில் இருக்கட்டும். வேட்டைக்காரர்கள் அதில் நடந்து போவதைத் தடுக்க முடியாது.

தண்ணீர்க் கிணற்றுக்கு ஓட்ட அளவும் தரமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரே ஒரு கேலன் தரும் கிணறுகூட நாளுக்கு 1,440 கேலன் தரும், தொட்டி வைத்தால் வீட்டுக்குப் போதும். தரத்தில்தான் ஆபத்து. வழக்கமான கிருமி, நைட்ரேட் சோதனையோடு ஆர்செனிக், யுரேனியம், சல்பேட் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கனடிய வரம்பு லிட்டருக்கு ஆர்செனிக் 10, யுரேனியம் 20 மைக்ரோகிராம். புல்வெளியின் ஆழ்நீரில் இவை இயற்கையாகவே இருக்கலாம். கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் 8 அடி ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் உறைந்துவிடும்.

கழிவுநீருக்கு இடம் இருக்கிறதா என்பதைச் சிறு மனை வாங்குகிறவர்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஆல்பெர்ட்டாவில் கழிவுத்தொட்டியின் தெளிந்த நீரைத் திறந்த வெளியில் விடும் அமைப்பு, மனை எல்லையிலிருந்து 90 மீட்டரும் கிணற்றிலிருந்து 50 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். நான்கு பக்கமும் 90 மீட்டர் விட்டால் மனை குறைந்தது 180 மீட்டர் சதுரம், ஏறக்குறைய 8 ஏக்கர். 3 ஏக்கர் மனைக்கு அந்த மலிவான வழி கிடையாது. மண்ணுக்கடியில் வடிகட்டும் வயல் போட வேண்டும், களிமண்ணாக இருந்தால் மேடு கட்ட வேண்டும். மின்சாரக் கம்பி எத்தனை தூரத்தில் நிற்கிறது என்பதற்கும் மின் நிறுவனத்திடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கியபிறகே விலை பேச வேண்டும். அருகில் பெரிய கால்நடைப் பண்ணை இருந்தால் நாற்றம் மட்டுமல்ல பிரச்சினை: குறைந்தபட்ச இடைவெளி விதியால் வீடு கட்ட அனுமதியே கிடைக்காமல் போகலாம்.

வரிக் கணக்கில் ஓய்வு நிலக்காரருக்குப் பல திருப்பங்கள் உண்டு. விற்பவர் அந்த நிலத்தில் விவசாயத் தொழில் செய்துவந்தவர் என்றால் விலையின்மேல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேரலாம். விவசாயி வாங்கினால் தன் கணக்கில் காட்டி ஈடு செய்துகொள்வார். ஓய்வுக்கு வாங்குகிறவருக்கு 3,20,000 டாலர் நிலத்தில் 16,000 டாலர் கையிலிருந்து போகும். இதே விலைக்கு உரிமை மாற்றும் செலவு சாஸ்காச்சுவானில் 0.4 விழுக்காடு, அதாவது 1,280 டாலர். மானிட்டோபாவில் நில மாற்று வரி 4,050 டாலர் வரும், விவசாயிக்கு விலக்கு உண்டு. ஆல்பெர்ட்டாவில் பண்ணை நிலத்தின் சொத்துவரி சந்தை விலையில் அல்ல, விளைதிறனுக்கு விதித்த குறைந்த மதிப்பில்; பயிரோ மேய்ச்சலோ நின்றுபோனால் சந்தை விலைக்குத் தாவும். பக்கத்துக்காரரிடம் புல் அறுக்கவோ மாடு மேய்க்கவோ குத்தகைக்கு விடுவது இதனால்தான் ஓய்வு நிலக்காரருக்கும் லாபம். விற்கும் காலத்தில் சொந்த வீட்டுக்கான மூலதன ஆதாய விலக்கு பொதுவாக வீட்டோடு அரை ஹெக்டேருக்குத்தான். மீதி 150-க்கும் மேற்பட்ட ஏக்கரின் ஆதாயத்துக்கு வரி உண்டு.

கடன் கொடுக்கும் வங்கியும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. வீட்டுக் கடன் தருபவர்கள் பலர் வீட்டையும் அதைச் சுற்றிய சில ஏக்கரையும் மட்டும் மதிப்பில் சேர்ப்பார்கள். வெற்றுப் புதர் நிலத்துக்குக் கையிலிருந்து போட வேண்டிய பங்கு வீட்டுக்குப் போடுவதைவிட மிக அதிகம். ஆகவே கடன் உறுதியாகும்வரை நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. தரகர் வழி விற்பனையில் கடன், தண்ணீர்ச் சோதனை, வழக்கறிஞர் ஆவணம் பார்ப்பது, நகராட்சியின் எழுத்துப்பூர்வ பதில் ஆகிய நிபந்தனைகளைத் தேதியோடு எழுதலாம். ஆய்வகமும் நகராட்சியும் பதில் தர இரண்டு மூன்று வாரம் கேட்பது நியாயம். பண்ணை நிலம் அடிக்கடி மூடிய உறை ஏலத்தில் போகும். அங்கே நிபந்தனைகளை ஏற்பதில்லை, 5 முதல் 10 விழுக்காடு முன்பணம் உறையோடு போக வேண்டும், அதிக விலை சொன்னவருக்கே தரவேண்டும் என்ற கட்டாயமும் விற்பவருக்கு இல்லை. எல்லாச் சோதனையும் உறையை ஒட்டுமுன் முடிந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் உடைமை தேதியோடு பயிரையும் எழுத வேண்டும். கோடையில் கைமாறினால் நிற்கும் கோதுமை யாருக்கு, அறுவடை எந்தத் தேதிக்குள், அந்த ஆண்டுக் குத்தகைப் பணம் எந்த நாளில் பிரிகிறது, இலையுதிர்காலத்தில் யாராவது உரம் போட்டிருந்தால் அதன் விலையைக் கொடுப்பது யார், எண்ணெய்க் கிணற்று வாடகை எந்த மாதத்திலிருந்து புதியவருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பழைய பண்ணை மனை சேர்ந்து வந்தால், எரிபொருள் தொட்டி, மருந்து டப்பாக்கள், பள்ளத்தில் தள்ளிய பழைய இயந்திரங்கள் ஆகியவற்றை விற்பவர் இன்ன தேதிக்குள் அகற்ற வேண்டும் என்றும், அகற்றும்வரை விலையில் இன்ன தொகை வழக்கறிஞரிடம் நிற்கும் என்றும் சேர்த்துவிடலாம். நிலம் பனிக்கு அடியில் இருக்கும்போது கைமாறுகிறது என்றால் அகற்றும் தேதியை மே மாதக் கடைசிக்கு வைப்பது நல்லது.